பெரிய க்ரூஸ் கப்பலில் வழி தவறாமல் நடமாடுவது எப்படி? ஒயாசிஸ் வகைக் கப்பல்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய கப்பலில் முதன்முதலாக ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த டெக் (தளம்)?" பஃபே எந்த டெக், நீச்சல் குளம் எந்த டெக், நம்ம ரூம் எந்த டெக். கேள்வியில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. முதலில் கேட்க வேண்டியது, "முன்னாலா, பின்னாலா?" டெக் மாறிப்போனால் லிஃப்டில் இன்னொரு பட்டனை அழுத்தினால் போதும். முன்னும் பின்னும் மாறிப்போனால் இருநூறு முந்நூறு மீட்டர் நடந்து, நடுவில் கதவோ சமையற்கட்டோ மறித்து, வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகளையும் மூட்டுவலிக்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு இதைச் செய்தால் விடுமுறை எடுத்த மாதிரியே இருக்காது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசையில் போகிறது: முதலில் முன்னா பின்னா, அடுத்து எந்த டெக், கடைசியாக இடதா வலதா.

உதாரணத்துக்கு ராயல் கரீபியன் என்ற க்ரூஸ் நிறுவனத்தின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களை எடுத்துக்கொள்கிறேன். 2009-ல் ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ், 2010-ல் அல்யூர், 2016-ல் ஹார்மனி, 2018-ல் சிம்ஃபனி, 2022-ல் வொண்டர், 2024-ல் யுடோபியா என்று இந்த வகையில் ஆறு கப்பல்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் நம் ஊர்ப் பெற்றோர் பலர் ஃப்ளோரிடாவிலிருந்து ஏறுவது இந்த மாதிரிக் கப்பலில்தான். கடைகளும் உணவகங்களும் கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான். வேறு நிறுவனக் கப்பலில் போகிறவர்களுக்கும் முறை இதேதான், இடங்களின் பெயர்தான் வேறு.

அளவு: ஒரு பார்வை

ஒயாசிஸின் நீளம் சுமார் 361 மீட்டர். பயணிகள் நடமாடும் டெக்குகள் 16. ஒரு கேபினுக்கு இருவர் என்று கணக்கிட்டாலே சுமார் 5,400 பயணிகள், அதற்கு மேல் 2,000-க்கும் அதிகமான சிப்பந்திகள். 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட எம்ப்ரெஸ் கப்பலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1990-ல் ஓட ஆரம்பித்த அந்தக் கப்பலின் நீளம் சுமார் 210 மீட்டர், கொள்ளளவு 48,563 மொத்த டன். ஒயாசிஸ் 2,25,000-ஐத் தாண்டும். (இந்த டன் எடைக் கணக்கு இல்லை, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கான கணக்கு.) எம்ப்ரெஸ் மாதிரிக் கப்பலில் ஒரு மாலை சுற்றினால் எல்லாம் பிடிபட்டுவிடும். ஒயாசிஸில் நாலாம் நாளும் லிஃப்ட் வாசலில் நின்று தலையைச் சொறிகிறவர்கள் உண்டு.

படி 1: ஊரிலேயே டெக் பிளானைப் பாருங்கள்

எல்லாக் கப்பல் நிறுவனங்களும் டெக் பிளானை, அதாவது ஒவ்வொரு தளத்தின் வரைபடத்தை, தங்கள் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்று விஷயங்களை மட்டும் தேடுங்கள்.

முதலாவது, லிஃப்ட் எங்கெங்கே இருக்கிறது. பல கப்பல்களில் முன், நடு, பின் என்று மூன்று லிஃப்ட் கூட்டம் இருக்கும். ஒயாசிஸ் வகையில் நடுவில் இல்லை. காரணம் கப்பலின் வடிவம். இரண்டு அபார்ட்மென்ட் பிளாக்குகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் தெரு விட்ட மாதிரி கட்டியிருக்கிறார்கள். அந்த நடு இடத்தில் 8-வது டெக்கில் செடிகொடிகளோடு சென்ட்ரல் பார்க் என்ற திறந்தவெளித் தோட்டம், அதற்குக் கீழே 5-வது டெக்கில் ராயல் ப்ராமினேட் என்ற கடைவீதி. தோட்டத்துக்கு நடுவே லிஃப்ட் தண்டு எழுப்ப முடியாதே! அதனால் பயணிகளுக்கான 24 லிஃப்டுகளும் முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம் என்று இரண்டு இடங்களில் நிற்கின்றன. இந்த ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் கப்பல் கைக்குள் வந்த மாதிரி.

இரண்டாவது, முன்முனையிலிருந்து பின்முனை வரை தடையில்லாமல் நடக்கக்கூடிய டெக் எது. இதை நான் கடக்கும் டெக் என்று சொல்வேன். ஒயாசிஸ் வகையில் ராயல் ப்ராமினேட் இருக்கும் 5-வது டெக்கும், தோட்டம் இருக்கும் 8-வது டெக்கும், நீச்சல் குளங்கள் இருக்கும் 15-வது டெக்கும் இரண்டு லிஃப்ட் கூட்டங்களையும் இணைக்கின்றன. மழையோ கடும் வெயிலோ என்றால் 5. மற்ற நேரத்தில் 8-தான் என் தேர்வு, அங்கே கூட்டமும் குறைவு, நடக்கவும் சுகம். 15-ல் சாய்வு நாற்காலிகளுக்கு இடையே ஈரக்காலோடு ஓடும் பிள்ளைகளைத் தாண்டிப் போக வேண்டும்.

மூன்றாவது, பிளானில் எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் இடங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த வெற்றிடம் பெரும்பாலும் சமையற்கட்டாகவோ சிப்பந்திகள் பகுதியாகவோ இருக்கும். அதன் வழியாக உங்களால் போக முடியாது. உணவறை பின்முனையில் இருந்து, அதற்கு முன்னால் ஒரு பெரிய வெற்றிடம் இருந்தால், அந்த டெக்கில் நடந்தே உணவறைக்குப் போய்விடலாம் என்று நம்பாதீர்கள். பழைய கப்பல்களில் இந்தச் சிக்கல் அதிகம்.

படி 2: மூன்று பட்டியல், ஒரு துண்டுக் காகிதம்

இடங்களை டெக் வாரியாக எழுதாதீர்கள். லிஃப்ட் வாரியாக எழுதுங்கள். ஒயாசிஸ் வகைக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

முன் லிஃப்ட்: பெரிய தியேட்டர் (4-வது டெக்கில் நுழையலாம்), ஸ்பாவும் உடற்பயிற்சிக் கூடமும் (6), பெரியவர்களுக்கு மட்டுமான சொலேரியம் என்ற ஓய்விடம் (15).

பின் லிஃப்ட்: மெயின் டைனிங் ரூம் (3, 4, 5), ராட்டினம் சுற்றும் போர்டுவாக், அதன் கோடியில் நீர் சாகச நிகழ்ச்சிகள் நடக்கும் அக்வா தியேட்டர் (6), விண்ட்ஜாமர் பஃபே (16), அலைச்சறுக்கு விளையாடும் ஃப்ளோரைடர்.

இரண்டுக்கும் நடுவே: சூதாட்டக் கூடமும் பனிச்சறுக்குத் தளமும் (4), கடைவீதி (5), தோட்டம் (8), குளங்கள் (15).

தியேட்டர் முன்னால், உணவறை பின்னால் என்ற அமைப்பு இந்தக் கப்பலோடு நிற்பதில்லை. பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும். வேறு கப்பலில் போகிறவர்களும் அதை வைத்துத் தொடங்கலாம், பிளானைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

படி 3: கேபின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கேபின் எண்ணிலேயே விலாசம் முழுக்க இருக்கிறது. முதல் இலக்கம், அல்லது ஐந்திலக்க எண்ணானால் முதல் இரண்டு இலக்கங்கள், டெக்கைக் குறிக்கும். 8-ல் தொடங்கும் நாலிலக்க எண் எட்டாவது டெக். 12-ல் தொடங்கும் ஐந்திலக்க எண் பன்னிரண்டாவது டெக். மீதி இலக்கங்கள் பெரும்பாலும் கப்பலின் முன்பக்கத்தில் சிறியதாகத் தொடங்கிப் பின்னால் போகப் போகக் கூடும். தாழ்வாரத்தில் நின்று எந்தப் பக்கம் முன்பக்கம் என்று குழப்பம் வந்தால் பக்கத்துக் கதவுகளின் எண்ணைப் பாருங்கள். எண் குறைகிற திசைதான் முன்பக்கம்.

இடது வலதுக்கு வருவோம். கப்பலின் மூக்கைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். நீங்கள் எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் இது மாறாது. இரவில் கப்பலின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். பல கப்பல்களில் இரட்டைப்படை எண் கேபின்கள் இடப்பக்கமும் ஒற்றைப்படை எண் கேபின்கள் வலப்பக்கமும் இருக்கும். உயிர்காப்புப் படகுகளுக்கு எண் போடும் வழக்கமும் அதுவே. டைட்டானிக்கிலும் ஒற்றைப்படைப் படகுகள் வலப்பக்கம், இரட்டைப்படைப் படகுகள் இடப்பக்கம்தான் தொங்கின.

ஒயாசிஸ் வகை இங்கே கொஞ்சம் வேறு. கடலைப் பார்க்கும் கேபின், உள்ளே தோட்டத்தையோ போர்டுவாக்கையோ பார்க்கும் கேபின் என்று இரண்டு வகை இருப்பதால், இரட்டைப்படை எண்கள் வெளிப்பக்கத்துக்கும் ஒற்றைப்படை எண்கள் உள்பக்கத்துக்கும் போய்விட்டன. டெக் எண்ணுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 100-லிருந்து 300 சொச்சம் வரையான வரிசை கப்பலின் ஒரு பக்கம், 500-லிருந்து 700 சொச்சம் வரையான வரிசை மறுபக்கம். லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் சுவரில் அம்புக்குறியோடு இந்த எண் வரிசைகளை எழுதியிருப்பார்கள். அங்கே இரண்டு விநாடி நின்று பார்த்துவிட்டு நடங்கள். தப்பான பக்கத் தாழ்வாரத்தில் பாதி தூரம் போய்விட்டால், குறுக்கே தாண்டி எதிர்த் தாழ்வாரத்துக்கு வர எல்லா இடத்திலும் வழி இருக்காது.

இன்னொன்று, டெக் எண்களில் சில காணாமல் போகும். ஒயாசிஸ் வகையில் 12-க்கு அடுத்தது 14. பதிமூன்று ராசியில்லாத எண் என்பது மேற்கத்தியர்கள் நம்பிக்கை. இத்தாலியர்களுக்கு 17 ஆகாது, அதனால் இத்தாலியக் குடும்பம் நடத்தும் எம்.எஸ்.சி. நிறுவனத்தின் கப்பல்களில் 13 இருக்கும், 17 இருக்காது. படியேறிக் கணக்கு வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: ஏறிய முதல் ஒரு மணி நேரம்

நண்பகல் வாக்கில் ஏறினால் கேபின் பெரும்பாலும் தயாராகியிருக்காது. எல்லோரும் நேராக பஃபேக்கு ஓடுவார்கள். ஓட வேண்டாம். கைப்பையோடு முதலில் உங்கள் மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போங்கள். ஆபத்து நேரத்தில் நீங்கள் போய்க் கூட வேண்டிய இடம் அது. அதன் குறியீடு கேபின் சாவியாகத் தரும் கார்டில் அச்சாகியிருக்கும், கப்பல் நிறுவனத்தின் ஆப்பிலும் இருக்கும். சிலருக்கு அது தியேட்டராக இருக்கும், சிலருக்கு உணவறை. பச்சை நிறப் பலகையில் நான்கு மூலைகளிலிருந்தும் வெள்ளை அம்புகள் ஒரு மனிதக் கூட்டத்தை நோக்கிப் பாய்வது போலப் படம் இருந்தால் அதுதான் அடையாளம்.

2012 ஜனவரி 13-ல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அந்தப் பயணத்தில் அன்றுதான் ஏறிய பலருக்கு அப்போது ஆபத்து நேரத்தில் எங்கே கூடுவது என்ற பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்னாலோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் ஆப்பில் வீடியோ பார்த்துவிட்டு, உங்கள் ஸ்டேஷனுக்கு நேரில் போய் கார்டை ஸ்கேன் செய்தால் போதும். அதைக் கடமைக்குச் செய்யாமல், வழி பழகும் முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் போக வேண்டிய இடம், கூட்டம் இல்லாத நேரம். வேறென்ன வேண்டும்?

அது முடிந்ததும் மேலே போய், அங்கிருந்து இறங்கிக்கொண்டே வாருங்கள். ஏறுவதைவிட இறங்குவது சுலபம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, உச்சி டெக்கில் நின்றால் கப்பலின் மூக்கும் வாலும் கண்ணுக்கு நேராகத் தெரியும், திசை மனதில் பதியும். 15-ல் முன்னாலிருந்து பின்னால் நடந்து, பின் லிஃப்ட் வழியாக 8-க்கு வந்து, தோட்டத்தின் வழியாக முன்னால் நடந்து, அங்கிருந்து 5-க்கு இறங்கி, கடைவீதி வழியாக மறுபடி பின்னால் வாருங்கள். பாம்பு வளைந்து போகிற மாதிரியான இந்த ஒரு நடையில் இரண்டு லிஃப்ட் கூட்டங்களும் மூன்று கடக்கும் டெக்குகளும் காலுக்குப் பழகிவிடும். தோட்டத்தில் ஆங்காங்கே கண்ணாடிக் கூரைகள் எழும்பி நிற்பதைப் பார்ப்பீர்கள். அவற்றுக்கு நேர் கீழேதான் கடைவீதி. ரைசிங் டைட் என்ற பார், மேடையோடு சேர்த்து இந்த இரண்டு டெக்குகளுக்கும் இடையே மெதுவாக ஏறி இறங்கும். வேடிக்கையாக ஒருமுறை உட்காரலாம். அவசரத்துக்கு அது லிஃப்ட் ஆகாது.

படி 5: போகும் வழியைத் தலைகீழாக யோசியுங்கள்

ஒரு உதாரணத்தை எடுத்துப் பார்த்தால்தான் இது புரியும். உங்கள் கேபின் எண் 10140 என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது டெக், இரட்டைப்படை, அதனால் கடல் பக்கம், எண் சிறியது, அதனால் முன்பக்கம். காலைச் சாப்பாட்டுக்கு விண்ட்ஜாமர் போக வேண்டும். அது 16-ல், பின்பக்கம்.

பெரும்பாலானவர்கள் செய்வது: பக்கத்தில் இருக்கும் முன் லிஃப்டில் ஏறி 16-ஐ அழுத்துவது. கதவு திறந்தால் கப்பலின் தப்பான முனையில் இருப்பார்கள். அங்கிருந்து குளங்களைச் சுற்றி, காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் வரை நடக்க வேண்டும். இளவட்டங்களுக்குப் பரவாயில்லை. வாக்கிங் ஸ்டிக்கோடு வருகிற அப்பாவுக்கு?

செய்ய வேண்டியது: முன் லிஃப்டில் 8-க்கு இறங்கி, தோட்டத்தின் வழியாகப் பின் லிஃப்டுக்கு நடந்து, அங்கிருந்து நேராக 16. அல்லது பத்தாவது டெக் தாழ்வாரத்திலேயே பின் லிஃப்ட் வரை நடந்து மேலே ஏறுவது. எப்படியானாலும் சூத்திரம் ஒன்றுதான்: எங்கே போகிறீர்களோ, அந்த இடத்துக்குப் பக்கத்து லிஃப்டுக்கு முதலில் நடங்கள், உயரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரவு அக்வா தியேட்டரில் நிகழ்ச்சி என்றாலும் இதே கணக்கு. முன் லிஃப்டில் 5-க்கு இறங்கி, கடைவீதியைக் கடந்து, பின்பக்கத்துப் படியில் ஒரே ஒரு டெக் ஏறினால் போர்டுவாக். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மெயின் டைனிங் ரூமில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று டெக்குகளில் இருக்கும் அதற்கு ஒவ்வொரு டெக்கிலும் தனித்தனி வாசல். உங்களுக்கு ஒதுக்கிய டெக் எது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நீண்ட வரிசையில் நின்று, கடைசியில் "உங்களுக்கு மேல் டெக்" என்று சொல்லி அனுப்பினால் பசியோடு கோபமும் வரும்.

லிஃப்ட் நெரிசல்

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நகரும் சமயங்கள் உண்டு: பயிற்சி முடிந்ததும், இரவுச் சாப்பாட்டில் முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்தி தொடங்கும்போது, தியேட்டர் விட்டதும், துறைமுகத்தில் இறங்கும் காலையும் திரும்பும் மாலையும். அந்த நேரங்களில் மூன்று டெக்குக்குள் போக வேண்டுமென்றால் படிதான் சிறந்தது. லிஃப்டை விட முடியாதவர்கள் நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம். மேலே போவதற்கு, கீழே போகும் லிஃப்டில் ஏறிக்கொண்டு ஒரு சுற்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்கிறது, ஆனால் எல்லோரும் அதையே செய்வதால்தான் பாதி நெரிசல் என்பது என் சந்தேகம்.

2024-ல் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் முறை வேறு. லிஃப்டுக்கு வெளியே இருக்கும் திரையில் போக வேண்டிய டெக்கைச் சொன்னால், எந்த லிஃப்டில் ஏற வேண்டும் என்று அது காட்டும். நம் ஊர் ஐ.டி. அலுவலகங்களில் இதைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் திறந்த லிஃப்டில் சட்டென்று நுழைந்துவிடாமல் இருந்தால் சரி.

லிஃப்டின் தரையில் விரித்திருக்கும் மிதியடியில் அன்றைய கிழமையை எழுதியிருப்பார்கள், நள்ளிரவில் மாற்றுவார்கள். சிரிக்காதீர்கள், கடலில் மூன்றாம் நாள் அது உதவும்.

திசை காட்டும் சின்னச் சின்னத் தடயங்கள்

கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு ஜன்னலில் தண்ணீரைப் பாருங்கள். அது எந்தத் திசையில் ஓடுகிற மாதிரித் தெரிகிறதோ, அந்தத் திசை பின்பக்கம். அடிநிலை டெக்குகளில் ஜன்னலே இல்லாத இடத்தில் காலுக்குக் கீழே லேசான அதிர்வு கூடினால் பின்பக்கத்தை நெருங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நார்வேஜியன் நிறுவனத்தின் சில கப்பல்களில் தாழ்வாரக் கம்பளத்தில் மீன்களை நெய்திருப்பார்கள், அவை நீந்துவது கப்பலின் முன்பக்கம் நோக்கி. வேறு சில கப்பல்களில் இடப்பக்கத் தாழ்வாரத்துக்கு ஒரு நிறக் கம்பளம், வலப்பக்கத்துக்கு வேறு நிறம். உங்கள் கப்பலில் இப்படி ஏதாவது உண்டா என்று கேபின் பணியாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள், அவருக்குத் தெரியாத சூட்சுமம் கிடையாது.

கரையை வைத்துத் திசை குறித்துக்கொள்வது மட்டும் வேண்டாம். ஒரு துறைமுகத்தில் இடப்பக்கம் கட்டுவார்கள், அடுத்ததில் வலப்பக்கம். "கட்டடங்கள் தெரிகிற பக்கம் நம்ம ரூம்" என்பது மறுநாள் பொய்யாகிவிடும்.

ஒயாசிஸ் வகையில் லிஃப்ட் பக்கத்திலேயே தொடுதிரைகள் இருக்கின்றன. போக வேண்டிய இடத்தைத் தொட்டால் வழியைக் காட்டும், எந்த உணவகத்தில் கூட்டம் எவ்வளவு என்றும் காட்டும். கப்பல் நிறுவனத்தின் ஆப்பையும் ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கப்பலின் வைஃபையில் அது பொதுவாகக் காசில்லாமலே வேலை செய்யும், இணையத் திட்டம் தனியாக வாங்க வேண்டாம். ஆனால் ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள். கடல்நடுவில் கப்பலின் செல்போன் சேவையில் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் பில் கண்ணைக் கட்டும். பிரின்சஸ் நிறுவனக் கப்பல்களில் 2017 முதல் காசு வடிவப் பதக்கம் ஒன்றைத் தருகிறார்கள். கேபின் கதவைத் திறப்பதோடு, உங்கள் குடும்பத்தார் கப்பலில் எங்கே இருக்கிறார்கள் என்று போனில் காட்டவும் அது உதவும்.

தாழ்வாரமும் தீத்தடுப்புக் கதவுகளும்

கேபின் தாழ்வாரம்தான் எல்லோரையும் ஏமாற்றும் இடம். இரவு பதினோரு மணிக்கு லிஃப்டை விட்டு வெளியே வந்து பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே நிறக் கம்பளம், ஒரே மாதிரிக் கதவுகள், இடையிடையே தரையில் காலி காபிக் கோப்பைகளோடு தட்டுகள், தூரத்தில் துண்டுகள் அடுக்கிய தள்ளுவண்டி. எந்தக் கதவும் உங்கள் கதவு மாதிரியே இருக்கும்.

இங்கே நான் நம்புவது தீத்தடுப்புக் கதவுகளை. பயணிகள் கப்பலை நெடுக்குவாக்கில் தீ பரவாத தடுப்புச் சுவர்களால் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். சர்வதேச விதிப்படி ஒரு பகுதியின் நீளம் பொதுவாக 40 மீட்டர், கூடிப்போனால் 48 மீட்டர். ஒவ்வொரு தடுப்பிலும் தாழ்வாரத்தின் குறுக்கே கனமான கதவு இருக்கும். சாதாரண நேரத்தில் அதைக் காந்தம் சுவரோடு பிடித்து வைத்திருப்பதால் நாம் கவனிப்பதில்லை, தீ அபாயம் என்றால் தானாக மூடிக்கொள்ளும். லிஃப்டிலிருந்து உங்கள் கேபின் வரை இப்படி எத்தனை கதவுகளைத் தாண்டுகிறீர்கள் என்று முதல் நாள் எண்ணுங்கள். "ரெண்டாவது கதவு தாண்டி, இடது கைப் பக்கம்" என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும், புகையிலும் இருட்டிலும் உங்களுக்கும் உதவும்.

புகையைச் சும்மா சொல்லவில்லை. 1990 ஏப்ரல் 7 அதிகாலை, ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் போய்க்கொண்டிருந்த ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிக் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நச்சுப் புகை. புகை மண்டிய தாழ்வாரங்களில் வெளியேறும் வழியைப் பலரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று கப்பல் தாழ்வாரங்களில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் ஒளிரும் பட்டையோ விளக்கோ போயிருப்பதைப் பாருங்கள். புகை மேலேதான் முதலில் சேரும் என்பதால் தவழ்ந்து போகிறவர் கண்ணுக்குப் படும்படி கீழே வைத்திருக்கிறார்கள். கேபின் கதவின் உட்புறத்தில் நீங்கள் இருக்கும் இடத்தையும் மஸ்டர் ஸ்டேஷனுக்கான வழியையும் காட்டும் வரைபடம் இருக்கும். படுக்கப் போகும் முன் ஒருமுறை அதைப் பார்த்துவிடுங்கள், ஆபத்தில் லிஃப்டைத் தொடக் கூடாது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் அதுதான் அழைப்பு.

கதவுக்கு அடையாளம் வேண்டுமென்றால் காந்தம் கொண்டுபோங்கள். கேபின் கதவுகள் உலோகம், காந்தம் நன்றாக ஒட்டும். ஒரு கோலப் படமோ பிள்ளையின் பெயரோ போதும். பசை டேப்பும் கதவின் மேல் மாட்டும் கொக்கிகளும் வேண்டாம், கதவு கெட்டால் உங்கள் கணக்கில் ஏறும்.

பெரியவர்கள், பிள்ளைகள் கூட வந்தால்

பதினைந்து இருபது பேராகக் குடும்பத்தோடு போகிறவர்கள் முதல் நாளே ஒரு சந்திக்கும் இடத்தை முடிவுசெய்துவிடுங்கள். "பஃபேல பார்க்கலாம்" என்பது முடிவில்லை, பஃபே பெரியது, வாசலும் ஒன்றோடு நிற்காது. எந்த லிஃப்ட் கூட்டம், எந்த டெக் என்று சொல்லுங்கள்: "பின் லிஃப்ட், அஞ்சாவது டெக், படிக்கட்டுப் பக்கம்." தொலைந்துபோனவர் தேடி அலையாமல் அங்கே வந்து நிற்கட்டும். பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாம் நாளே அவர்கள் நமக்கு வழிகாட்டுவார்கள்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு கேபின் பதிவுசெய்யும்போதே லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். இரண்டு லிஃப்ட் கூட்டங்களில் எதன் பக்கம் என்றால், பின் லிஃப்ட் என்பேன். சாப்பாட்டு இடங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருக்கின்றன, தியேட்டருக்கு ஒரு நாளில் ஒரு தடவைதான் போவோம். கேபினுக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று டெக் பிளானில் பார்ப்பது அதைவிட முக்கியம். மேலும் கீழும் கேபின்களாகவே இருந்தால் நிம்மதியான தூக்கம்.

ஆங்கிலம் பேசத் தயங்கும் பெரியவர்களிடம் கேபின் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேபினைத் திறக்கும் கார்டில் பாதுகாப்புக்காக எண்ணை அச்சடிப்பதில்லை, அதைக் காட்டினால் எதிரில் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. எந்தச் சிப்பந்தியிடம் எண்ணைக் காட்டினாலும் வழி சொல்வார், பலர் கூடவே நடந்து வந்து விடுவார்கள். கூட்டமான கப்பலில் அவர்கள் எப்படிச் சட்டென்று மறைந்து சட்டென்று வருகிறார்கள் என்று தோன்றினால், கீழே அவர்களுக்கென்று கப்பல் நெடுகப் போகும் ஒரு அகலமான வழி இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் ஐ-95 என்று அதைக் கூப்பிடுகிறார்கள். நமக்கு அங்கே அனுமதி இல்லை.

துறைமுக நாட்களும் கடைசிக் காலையும்

துறைமுகத்தில் இறங்கும் பாலம் எல்லா ஊரிலும் ஒரே டெக்கில் இருக்காது. கரையின் உயரத்தைப் பொறுத்து மாறும், பெரும்பாலும் கீழ் டெக்குகளில் போடுவார்கள். காலையில் ஒலிபெருக்கியில் எந்த டெக், முன்னா பின்னா என்று சொல்வார்கள், ஆப்பிலும் வரும். திரும்பி வரும்போது நுழையும் இடம் அதுவே என்பதால் இறங்குமுன் லிஃப்ட் கூட்டம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து நீங்கள் நிற்பது ஜன்னலில்லாத கீழ்த்தளமாக இருக்கலாம், அங்கே திசை சுத்தமாகத் தெரியாது.

கடைசி நாள் முந்தைய இரவே பெட்டிகளை டேக் கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட்டால் அவர்களே இறக்கிவிடுவார்கள். பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு இறங்குவதும் உண்டு, சீக்கிரம் வெளியேறலாம். ஆனால் அன்று காலை லிஃப்ட் ஒவ்வொன்றிலும் பெட்டிகள்தான் நிற்கும், ஆள் நுழைய இடம் இருக்காது. விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அல்லாதவர்கள் பெட்டியை அவர்களிடம் விட்டுவிட்டு, 8-வது டெக் தோட்டத்தில் உட்கார்ந்து உங்கள் எண்ணைக் கூப்பிடும் வரை காத்திருங்கள். மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் உடுத்தும் துணி மூன்றையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள், இரவு உடையோடு துறைமுகத்தில் இறங்க நேர்ந்தவர்கள் கதை ஒவ்வொரு கப்பலிலும் ஒன்று இருக்கிறது.